ஷீட் கூரையில் ஓடிய ரேஸ் கார்

என் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை பொம்மைக் கார் வாங்கிச் சேர்க்கிறவர் என்று தரகர் சொன்னபோது என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"குடிக்கறாரா, சீட்டாடறாரான்னு கேட்டா, கார் பொம்மை வாங்கி அடுக்கி வெச்சிக்கினு இருக்காராம். போதும்பா, இதுக்கு மேல இன்னா வேணும்" என்றார்.

அவர் செஞ்சி மார்க்கெட்டில் ஒரு நெல் வியாபாரியிடம் வேலை பார்க்கிறார். மூட்டை ஏறியதா, லாரி கிளம்பியதா என்பதிலேயே அவருக்குப் பகல் போய்விடும். மனிதர்களைப் பற்றி ரொம்ப யோசித்துக் குழப்பிக்கொள்ள மாட்டார். நான் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறவள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் துணியோடு சேர்த்துத் தங்கள் வீட்டுக் கதையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சந்தேகம் சீக்கிரம் வந்துவிடும். அன்று நான் சிரிக்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. என் நைனாவிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய அவருடைய சிநேகிதர் ஒருவர் கொடுத்தது. அதைப் பழைய பனியன் துணியால் தினமும் துடைப்பார். நாங்கள் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. ஒருநாள் ஒட்டடை அடிக்கும்போது அம்மாவின் கை பட்டு அது கீழே விழுந்து உடைந்துவிட்டது. நைனா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க, பொங்கல் வரைக்கும், அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சோறு போடுவார், அவர் சாப்பிடுவார். ரசம் வேண்டுமென்றால் என்னைப் பார்த்து, "உங்கம்மாகிட்ட ரசம் ஊத்தச் சொல்லு" என்பார். அம்மா ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு போவேன். அம்மா அப்போது இளைத்துப்போன மாதிரி அதற்கப்புறம் எந்தக் காய்ச்சலிலும் இளைக்கவில்லை.

ஒரு பொருள்மேல் உயிரை வைத்திருக்கிற ஆம்பளை என்றாலே எனக்கு அதிலிருந்து ஒரு பயம். இதை என் மகளிடம் சொன்னேன். அவள் திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

"அம்மா, தாத்தா வேற, இவரு வேற. நான் போன்ல பேசிக்கினுதான இருக்கறேன். நல்லாத்தான் பேசறாரு" என்றாள்.

"நல்லா பேசும்போது எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. கோவம் வந்தா எப்படின்னு தெரியுமா உனக்கு?"

"அது தெரியாதும்மா. இன்னும் காட்டல" என்றாள்.

பையனுக்கு வந்தவாசிப் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரி பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தார். அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை. பொருளை இவ்வளவு பத்திரமாக வைக்கிறவர் மனுஷங்களை எப்படி வைத்துக்கொள்வார் என்று யோசித்தேன். இப்போது நினைத்தால் அந்தப் பிள்ளை பாவம். எதைச் செய்திருந்தாலும் எனக்குத் தப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

எல்லாருக்கும் பிடித்துப்போய்ப் பூ வைத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"அத்தை, ஒரகடத்துல நானும் பிரெண்ட்ஸும் ரூம் மாத்தறோம். சாமான் ஏத்தி எறக்கும்போது யாராவது தெரியாம இடிச்சிடுவாங்க. மத்த காரெல்லாம் ஊர்ல வெச்சிட்டேன். இது மட்டும் இங்க இருக்கட்டும். இவளுக்கும் இது பிடிக்கும்னு சொன்னா" என்றார்.

பெட்டியைப் பிரித்து, பஞ்சு எடுத்து, உள்ளேயிருந்து கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடியோடு காரை எடுத்து வைத்தார். எங்கள் ஷோகேஸில் சாமி படத்துக்கும் மகள் பள்ளியில் வாங்கிய கப்புக்கும் நடுவில் இடம் பண்ணினோம்.

நான் பொம்மை என்றால் கடைத்தெருவில் தொங்குகிற பிளாஸ்டிக் பொம்மையை நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். கரும்பச்சை நிறம். கையில் வாங்கினால் இட்லிச் சட்டி மாதிரி கனம். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ரேஸில் ஓடிய கார் ஒன்றை அளவெடுத்து, பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது என்றார். கதவு கிடையாது, கூரை கிடையாது. ஒரே ஒரு ஆள் உட்காருகிற குழி. சக்கரங்கள் நான்கும் வெளியே நீட்டிக்கொண்டு, சைக்கிள் மாதிரி கம்பி போட்டிருந்தன. பக்கவாட்டில் ஒரு புகைக்குழாய் வால்வரைக்கும் போனது. முன்பக்க மூடியை ரெண்டு தோல்வார் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"இத செஞ்ச அச்சையே ஒடைச்சிட்டாங்க அத்தை. இனிமே இது வராது. வெயில் மட்டும் படாம பாத்துக்குங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை. இனிமே இது வராது.

அவர் போன பிறகு ஷோகேஸைப் பூட்டிச் சாவியை அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்தேன். என் கணவர், "நகைய பீரோவுல வுட்டுட்டு, காரை பூட்டி வெக்கறா பாரு" என்று கேலி செய்தார்.

ஆனால் பத்து நாள் போவதற்குள் எனக்கே அந்தக் கார்மேல் ஒரு ஆசை வந்துவிட்டது. காரணம் அதன் சீட். ஊசியில் நூல் கோக்க நான் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். ஒருநாள் அதை வைத்து மூடிக்கு வெளியே இருந்து எட்டிப் பார்த்தேன். டிரைவர் உட்காருகிற சீட்டில் தையல் தெரிந்தது. பழுப்புத் தோலில் வரிவரியாக, ஓரத்தில் கயிறு மாதிரி பைப்பிங் வைத்து. எறும்பு உட்காருகிற அளவு சீட்டுக்கு யார் பைப்பிங் வைத்துத் தைத்தார்கள்? நிஜத் தையலா, இல்லை தையல் மாதிரி அச்சு அடித்ததா? அது தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

அமாவாசைக்கு முந்தின நாள் அது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். என் கணவர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். காலையில் ஷோகேஸைத் திறந்து, மூடியைக் கழற்றி, காரைக் கொண்டுவந்து மெஷின் மேல் ஒரு பட்டுத் துணியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தேன். ஜன்னலிலிருந்து நல்ல வெளிச்சம் வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நிஜத் தையல்தான். நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. எழுந்து ஓடினேன்.

செஞ்சிக் கோட்டையிலிருந்து குரங்குகள் எங்கள் தெருவுக்கு வருவது புதிதில்லை. வெயில் ஏற ஏற மலையில் தண்ணீர் இருக்காது, கூட்டமாக இறங்கி வந்துவிடும். அதனால் சமையலறை ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறோம். முன்னறை ஜன்னலுக்கு அடிக்கவில்லை. அங்கே தின்பதற்கு ஒன்றும் இருக்காதே என்று விட்டிருந்தோம்.

பாலை இறக்கிவிட்டுத் திரும்பினால் மெஷின்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. நல்ல பெரிய ஆண் குரங்கு. மடியில் கார். குழந்தையை வைத்துக்கொள்வது மாதிரி வைத்துக்கொண்டு ஒரு விரலால் முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

குரங்கிடம் கம்பைக் காட்ட வேண்டும், கையைக் காட்டக் கூடாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு அந்த நேரம் எதுவும் நினைவில் இல்லை. "ஐயோ, வுடு, வுடு" என்று கத்திக்கொண்டே போய்க் காரின் வால்பக்கத்தைப் பிடித்து இழுத்துவிட்டேன். அது பல்லைக் காட்டி ஒரு சீறு சீறியது. என் கைமேல் நெருப்புப் பட்ட மாதிரி இருந்தது. நான் கையை எடுத்த நொடியில் அது காரோடு ஜன்னல் வழியாக வெளியே போய், எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையின் சிமென்ட் ஷீட் கூரை உச்சியில் ஏறி உட்கார்ந்தது.

நான் தெருவுக்கு ஓடினேன். வாழைப்பழம் எடுத்துக் காட்டினேன். அது பழத்தைப் பார்த்தது, காரைப் பார்த்தது. காரின் மூக்கைக் கடித்துப் பார்த்தது. ருசிக்கவில்லை போலிருக்கிறது. கூரை மேல் அதை வைத்துவிட்டுப் பழத்துக்காக இறங்கியது.

வைத்த இடம் ஷீட்டின் பள்ளம். வாய்க்கால் மாதிரி மேலிருந்து கீழே இறங்குகிற பள்ளம். கார் அதில் மெல்ல நகர்ந்தது. அப்புறம் வேகம் பிடித்தது. கடகடவென்று ஒரு சத்தம். நான் கீழே நின்று முந்தானையை விரித்தேன். கார் கூரை விளிம்பைத் தாண்டி என் முந்தானைக்கும் அப்பால் பறந்து, கல்பாவின தெருவில் போய் விழுந்தது.

இடது முன்சக்கரம் தனியாகக் கழன்று சாக்கடை ஓரம் வரை உருண்டது. அதைத் தேடி எடுத்துவிட்டேன். டிரைவர் முன்னால் இருந்த சின்னக் கண்ணாடி கிடைக்கவே இல்லை. மூக்குப் பக்கம் பெயிண்ட் போய் வெள்ளையாக உலோகம் தெரிந்தது. குரங்கின் பல் தடமும் இருந்தது.

காரை மடியில் வைத்துக்கொண்டு முன்னறைத் தரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ப்ளவுஸ் வாங்க வந்த பெண் ஒருத்தி கூப்பிட்டதும்தான் நிமிர்ந்தேன். அவள் கடைத்தெருவில் பல் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர். சின்ன வயசு. என்னை அக்கா என்பாள்.

"இன்னாக்கா, யாருக்காவது உடம்பு சரியில்லியா?" என்று பதறினாள்.

நான் எல்லாவற்றையும் சொல்லி, "டாக்டரம்மா, பல்லையே ஒட்டறீங்க, இந்தச் சக்கரத்தை ஒட்டித் தர மாட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. காரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். சக்கரம் இருந்த இடத்தில் அச்சுக் கம்பி முறிந்து, உள்ளே துண்டு நின்றிருந்தது.

"ஒட்டலாம்க்கா. ஆனா ஒட்டினா அப்புறம் சுத்தாது. வெச்சிருக்கறவருக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சிடும். கடையில பசை வாங்கி நீங்களும் ஒட்டாதீங்க, பெயிண்ட் வெளுத்துடும். அவருகிட்டயே சொல்லிடுங்க, அதான் நல்லது" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துத் திருப்பினாள். "இது இன்னாக்கா? கொரங்கு கீறினதா? ரத்தம் வந்திருக்குதே. மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க. ஜிஎச்சுக்குப் போயி ஊசி போட்டுக்குங்க. இன்னிக்கே."

"சரிம்மா" என்றேன். கழுவினேன். ஊசி பற்றி அதற்கப்புறம் நினைக்கவே இல்லை. எனக்கு இருந்த பயம் வேறு பயம்.

மகளுக்குப் போன் செய்தேன். கையில் கீறல் என்பதைச் சொல்லவில்லை, அவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். குரங்கு தூக்கிப் போய்க் கார் உடைந்ததை மட்டும் சொன்னேன்.

"நான் சொல்லட்டுமா அவருகிட்ட?" என்றாள்.

"வேணாம். என் கையிலதான ஒடைஞ்சிது. நானே சொல்றேன்."

"சரி. சொல்லு. இன்னா சொல்றாருன்னு பாப்போம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. என் பயம் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று புரிந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். பஸ் இரைச்சலில் அவர் குரல் கேட்டது. "சொல்லுங்க அத்தை."

"மாப்ள, அந்தக் காரு... கொரங்கு தூக்கிக்கினு போயி, மேல இருந்து வுழுந்து ஒடைஞ்சிடுச்சி மாப்ள. நான்தான் வெளிய எடுத்து வெச்சேன். புடுங்கப் போனேன், கையைக் கீறிட்டு..."

பதில் வரவில்லை. இரைச்சலும் நின்றிருந்தது. "ஹலோ, ஹலோ" என்றேன். இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. இன்னொரு தடவை போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

மகள் வீட்டுக்கு வந்ததும் அவளும் போட்டுப் பார்த்தாள். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது. கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

என் கணவர் ஒருவர்தான் நன்றாகச் சாப்பிட்டார். "சார்ஜ் போயிருக்கும். இதுக்குப் போயி ரெண்டு பேரும் டென்ஷன் ஆவறீங்க" என்றார்.

நான் அடுப்படியில் நின்று என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். போனை அணைத்து வைப்பதும் பேசாமல் இருப்பதும் ஒன்றுதானே. கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிந்ததே, அதுவரைக்கும் நல்லது என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. மகளின் முகத்தைப் பார்த்தால் அந்த நல்லது வேண்டாம் என்றிருந்தது. பூ வைத்த பிறகு நின்றுபோனால் ஊர் என்ன பேசும் என்பதும் வந்துபோனது. அதைவிட அவள் அந்தத் தோசையைப் பிய்த்தது எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் விடியற்காலையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மகள் லீவு போட்டிருந்தாள். நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒருவர் வேகமாக நடந்து வந்தார். சட்டை கசங்கி, தலை கலைந்து, கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. கிட்டே வந்த பிறகுதான் மாப்பிள்ளை என்று தெரிந்தது. சொம்பைக் கீழே வைத்தேன்.

"வாங்க மாப்ள" என்றேன். "அந்தக் காரு..."

"கைய காட்டுங்க அத்தை."

"இன்னா?"

"கொரங்கு கீறிச்சின்னு சொன்னீங்களே. எந்தக் கை? ஊசி போட்டீங்களா?"

அவரே என் வலது கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே மூன்று கோடு, ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

"போடலியா? நேத்து கீறினதா? ஐயோ அத்தை" என்றவர் உள்ளே பார்த்து என் மகளைக் கூப்பிட்டார். "ஏம்மா, நீ லேப்ல வேல பாக்கறவதான? ஊசி போட வேணாமா?"

மகள் ஓடிவந்து என் கையைப் பார்த்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா! குரங்கு காரைத் தூக்கிக்கினு போச்சின்னுதான சொன்ன!" என்று கத்தினாள். அப்புறம் அவரிடம் திரும்பி, "நீங்க ஏன் போன ஆஃப் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"நான் எங்க ஆஃப் பண்ணேன்? பேசும்போதே போனே செத்துப்போச்சி. பிரெண்டு போன்ல இருந்து உனக்கு எத்தினி வாட்டி போட்டேன். கட் பண்ணிக்கினே இருந்த."

மகள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அது நீங்களா? லோன் வேணுமான்னு கேக்கறவங்கன்னு நெனச்சி பிளாக் பண்ணிட்டேன்."

"அத்தை நம்பர் மனப்பாடமா தெரியாது. உன் நம்பர் மட்டும்தான் தெரியும். வேற வழி இல்லாம பஸ் ஏறிட்டேன். அமாவாசை பஸ்ஸு, நிக்கக்கூட எடம் இல்ல" என்றார். அப்புறம் என்னிடம் தணிந்த குரலில், "எங்க தெருவுல ஒருத்தரு நாய் கீறினத சும்மா வுட்டுட்டாரு அத்தை. அவருக்கு இன்னா ஆச்சின்னு நான் கண்ணால பாத்தேன். நீங்க கீறிட்டுன்னு சொன்னதுதான் என் காதுல நின்னுச்சி. கெளம்புங்க" என்றார்.

காபி குடித்துவிட்டுப் போகலாம் என்றதற்கும் விடவில்லை. ஆட்டோ பிடித்து மூன்று பேரும் ஜிஎச்சுக்குப் போனோம். அங்கே இருந்த நர்ஸ் காயத்தைக் குழாயடியில் வைத்து மறுபடி நன்றாகக் கழுவச் சொன்னார். ஊசி போட்டார்கள். மீண்டும் எந்தெந்த நாளில் வர வேண்டும் என்று சொன்னபோது நான் கவனிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நானே ஷோகேஸைத் திறந்தேன். இனி தள்ளிப்போட முடியாது. துணியில் சுற்றி வைத்திருந்த காரை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தேன். கழன்ற சக்கரத்தைப் பக்கத்தில் வைத்தேன். "கண்ணாடி மட்டும் கெடைக்கல மாப்ள" என்றேன்.

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து காரைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கில் இருந்த பல் தடத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் அவருக்குப் பின்னால் நின்று, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"கஷ்டமாத்தான் இருக்குது அத்தை" என்றார். கண் கலங்கியிருந்தது. "ரொம்ப நாளு தேடி வாங்கினது. பரவால்லன்னு சொன்னா அது பொய்யாய்டும். கொஞ்ச நேரம் ஆவும் எனக்கு."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தே சொன்னார். ஒரு ஆண்பிள்ளை தன் வருத்தத்தை வருத்தமாகவே சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அது கோபமாக வரும், இல்லாவிட்டால் மௌனமாக வரும். நான் நிலையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தண்ணி குடிக்கறீங்களா மாப்ள?" என்று கேட்டேன்.

"குடுங்க அத்தை" என்றார்.

தண்ணீர் குடித்து முடித்து, கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "மேல இருந்து வுழுந்துதுன்னீங்களே, எங்க இருந்து?"

எதிர்வீட்டுக் கொட்டகையைக் காட்டினேன். குரங்கு அதை உச்சியில் வைத்ததையும், பள்ளத்தில் அது இறங்கி வந்ததையும் சொன்னேன்.

"ஓடிச்சா?" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "உருண்டுச்சா, இல்ல சக்கரத்துல ஓடிச்சா?"

"சக்கரத்துலதான். நேரா வந்துது. கடகடன்னு. பாதிக்கு மேல பயங்கர ஸ்பீடு."

"திரும்பிக்கலியா? சாயலியா?"

"இல்ல மாப்ள. நேரா வந்து, அப்படியே என் தலைக்கு மேல பறந்துது."

அவர் எழுந்து தெருவுக்குப் போய், அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தார். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டு ஏணி வைத்து ஏறி, பள்ளத்தில் கைவைத்துப் பார்த்தார். கீழே இறங்கும்போது சிரித்துக்கொண்டிருந்தார். "வாங்கினதுல இருந்து தரையில வெச்சி ஒரு வாட்டி கூட தள்ளிப் பாத்ததில்ல நான். எப்படி ஓடும்னே எனக்குத் தெரியாது. நீங்க பாத்துட்டீங்க" என்றார். அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். நான் கையை வைத்துக் காட்டிச் சொன்னேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவளுக்குள் இருந்த இறுக்கமெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அச்சுக் கம்பிக்குப் பதிலாக மெல்லிசான, வளையாத எஃகு ஏதாவது இருக்குமா என்று கேட்டார். என்னிடம் இல்லாத ஊசியா? டப்பாவைக் கொட்டிக் கவிழ்த்தேன். சாக்கு தைக்கிற ஊசி தடிமனாகப் போய்விட்டது. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற ஊசி சரியாகப் பொருந்தியது. எதிர்வீட்டில் கட்டிங் பிளையர் வாங்கி, அதை வெட்டி, உள்ளே நின்றிருந்த முறிந்த துண்டை மெல்லத் தட்டி எடுத்துவிட்டுச் செருகினார். சக்கரத்தை மாட்டி விரலால் சுண்டினார். சுற்றியது. பழைய மாதிரி இல்லை, லேசாக ஆடிக்கொண்டு சுற்றியது. பெயிண்ட் போன இடத்தை அப்படியே விட்டுவிடப் போவதாகச் சொன்னார். "பூசினா பூசின மாதிரி தெரியும் அத்தை. இருந்துட்டுப் போவட்டும்."

என் கணவர் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இன்னா, கார் ரிப்பேர் கடை தொறந்துட்டீங்களா?" என்றார். என் கையில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்ததும் அந்தக் கேலி நின்றுவிட்டது. தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக் கொஞ்ச நேரம் சத்தம் போட்டார். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானதுதான், அடங்கிவிடும்.

மாப்பிள்ளை சாயங்கால பஸ்ஸில் திரும்பினார். காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். "இருக்கட்டும் அத்தை, ஜன்னலுக்கு மட்டும் வலை அடிச்சிடுங்க" என்றார். அவர் போனதும் எனக்கு அப்படி ஒரு அசதி. அன்றைக்குக் கொடுக்க வேண்டிய ப்ளவுஸ்கள் மெஷின்மேல் கிடந்தன. விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கக் கூடாது என்பார்கள், நான் பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, தெரிஞ்சிடுச்சா?" என்றாள்.

"இன்னா தெரிஞ்சிடுச்சா?"

"கோவம் வந்தா எப்படி இருப்பாருன்னு கேட்டியே."

"கோவமே வரலியே, எப்படி தெரியும்?" என்றேன்.

"வரும்மா. எல்லாருக்கும்தான் வரும். வந்தா சொல்லுவாரு. அது போதும் எனக்கு" என்றாள். எனக்கும் அது போதுமாக இருந்தது. அவள் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போய் ராத்திரிக்கு உலை வைத்தாள். அரிசி களைகிற சத்தம் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.